பர்லியார் வளைவும் ஒரு குட்டி மோட்டாரும்

"நம்ம கோயம்புத்தூர் நரேன் ஓட்டின டீம் எங்க சார் போச்சு?" குன்னூரில் ஒரு பள்ளி மாணவி கேட்டாள்.

மூடிவிட்டார்கள். நரேன் கார்த்திகேயன் 2011, 2012-இல் ஓட்டிய எச்ஆர்டி, 2010-இல் ஃபார்முலா ஒன் கார் பந்தயத்துக்குப் புதிதாக வந்த மூன்று அணிகளில் ஒன்று. மற்ற இரண்டும் 2016-க்கு மேல் தாங்கவில்லை. பணம் பெரிய தடை: புது அணி வந்தால் பரிசுப் பணத்தில் பழையவர்களின் பங்கு குறையுமே, அதற்கு ஈடாக 20 கோடி டாலர் வைக்கச் சொன்னது அணிகளும் பந்தய நிர்வாகமும் போட்ட 2021 ஒப்பந்தம். ஆனால் பணம் கொழுத்த கார் நிறுவனங்களையே தயங்க வைத்தது ஒரு குட்டி மோட்டார்.

பர்லியார் தாண்டிக் கொண்டை ஊசி வளைவில் ஏறும் டர்போ லாரியைக் கவனியுங்கள். புகைபோக்கிக்குப் போகும் வாயு ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனைச் சக்கரம் இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும். வளைவில் காலை எடுத்தால் வாயு குறையும், தண்டு தளரும். மறுபடி மிதித்தால் வண்டி கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் இழுக்கும்.

2014-இல் அந்தத் தண்டிலேயே மோட்டாரைப் பொருத்தினார்கள். பெயர் எம்ஜியூ-எச். காலை எடுத்ததும் மின்சாரத்தால் தண்டைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். முழுதாக மிதித்தால் அதுவே ஜெனரேட்டராகி, வீணாகும் வாயுவிலிருந்து மின்சாரம் கறக்கும். வாங்குவதும் கொடுப்பதும் ஒரே கை! வேக வரம்பு நிமிடத்துக்கு 1,25,000 சுற்று. பந்தயம் நடக்கும் மெக்சிகோ நகரம் நம் ஊட்டி உயரம்தான், சுமார் 2,240 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதனால் தண்டு இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும்.

ஒருபக்கம் தகிக்கும் வாயு, மறுபக்கம் நுட்பமான காந்தமும் பேரிங்கும். 2015-இல் வந்த ஹோண்டா இதில் படாதபாடு பட்டது. கடைசியில் சொந்த விமான இன்ஜின் பிரிவின் உதவியைத்தான் நாடியது. ஜெட் இன்ஜின் பட்டறை இல்லாதவர் எங்கே போவார்?

ஆகவே 2026 விதிகளில் எம்ஜியூ-எச் இல்லை. கார் நிறுவனமான ஆடி (Audi) வந்தது. காடிலாக் பதினோராவது அணியானது, ஃபெராரி இன்ஜினைக் கடன் வாங்கி. எனக்கு வருத்தம்தான். எரிபொருளின் ஆற்றலில் பாதியை வேலையாக மாற்றிய இன்ஜின்கள் அவை. அந்த ஆராய்ச்சிச் செலவை வீண் என்று சொல்ல மனம் வரவில்லை.

டர்போ தாமதம் இனி ஓட்டுநர் பாடு. பர்லியாரில் நான் பார்த்த லாரிக்கார அண்ணன் பம்பரில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டியிருந்தார். ஆனால் வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்து, இன்ஜினை இரைய விட்டபடியேதான் திருப்பினார்.