சக்கரத்தை மாட்டியபின் தரையில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

போன மாதம் ஒரு தம்பி எவர்சில்வர் டம்ளரைக் கையில் பிடித்தபடி பட்டறைக்கு வந்தார். டம்ளருக்குள் விரல் நீளத்துக்கு ஒரு இரும்புக் குழாய். "அண்ணே, பைக்கோட முன் வீல் பேரிங்கை வீட்லயே மாத்தினேன். எல்லாம் கரெக்டா மாட்டிட்டேன், இது மட்டும் மிஞ்சிடுச்சு. வண்டி ஓடுது. ஆனா ரெண்டு நாளா ஊளையிடுற மாதிரி ஒரு சத்தம்."

ஸ்டாண்டு போட்டு முன் சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். ஒன்றரைச் சுற்றில் நின்றுவிட்டது. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பைத் தொட்டால் கை சுட்டது. வாங்கி மூன்று வாரம்கூட ஆகாத பேரிங், கிரீஸ் உருகி வெளியே வழிந்து நாசமாகியிருந்தது.

மிஞ்சியது டிஸ்டன்ஸ் காலர். ஹப்புக்குள் இரண்டு பேரிங்குக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் குழாய். ஒவ்வொரு பேரிங்கிலும் ஒரு உள் வளையம், ஒரு வெளி வளையம், இரண்டுக்கும் நடுவே உருளும் இரும்புக் குண்டுகள். சக்கரத்தின் நடுவே போகும் ஆக்ஸில் கம்பியின் நட்டை இறுக்கும்போது அந்த அழுத்தம் ஒரு பேரிங்கின் உள் வளையத்திலிருந்து காலர் வழியாக அடுத்த பேரிங்கின் உள் வளையத்துக்குப் போய்விடும். குண்டுகளுக்கு அந்த இறுக்கம் வராது. காலர் இல்லாவிட்டால் இரண்டு உள் வளையமும் உள்நோக்கி நெரிபடும், குண்டுகள் பக்கவாட்டில் மாட்டிக்கொண்டு அரைபடும். அந்தத் தம்பிக்கு நல்ல நேரம், பேரிங் முழுசாக உடைவதற்குள் வந்துவிட்டார்.

வீட்டில் வேலை பார்க்காதீர்கள் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. பட்டறை வைத்திருப்பவன் அப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்? சக்கரத்தைக் கழற்ற யாராலும் முடியும். என்னிடம் கெட்டு வரும் வண்டிகள் எல்லாமே மாட்டும்போது கெட்டவை. கழற்றக் கழற்ற ஒவ்வொரு சாமானையும் வந்த வரிசையிலேயே ஒரு பழைய துணியில் இடமிருந்து வலமாக அடுக்குங்கள், போனில் போட்டோ எடுங்கள். ஆக்ஸிலில் கோக்கும் சின்னக் குழாய்களான இடப்பக்க புஷ்ஷும் வலப்பக்க புஷ்ஷும் பார்க்க ஒன்று போலிருக்கும், நீளத்தில் வித்தியாசப்படும். கடைசியில் துணி காலியாக இருக்க வேண்டும்.

பேரிங் ஏற்றுவதிலும் ஒரு முறை இருக்கிறது. சுத்தியலின் பலம் வெளி வளையத்தில் மட்டும் விழ வேண்டும். அந்த வளையத்தின் அளவுக்குச் சரியான பாக்ஸ் ஸ்பானர் சாக்கெட்டை வைத்து மெல்லத் தட்டுங்கள். உள் வளையத்தில் அடித்தால் புதுப் பேரிங்கிலேயே தழும்பு விழுந்துவிடும். ஒரு பக்கத்தை முழுசாக இறக்கி, காலரை வைத்து, மறுபக்கப் பேரிங் காலரைத் தொட்டதும் நிறுத்த வேண்டும். ஏறவே மாட்டேன் என்று அடம்பிடித்தால் ஹப் மேல் கொதிநீர் ஊற்றித் துடையுங்கள். அலுமினியம் விரிந்து வழிவிடும்.

அடுத்து பிரேக். டிரம் பிரேக் வண்டிகளில் பிரேக் கட்டைகளைத் தாங்கும் தட்டான முன் பிரேக் பிளேட்டில் ஒரு பள்ளம் இருக்கும். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் காலில் அதற்கு ஈடாக ஒரு மேடு இருக்கும். மேடு பள்ளத்துக்குள் உட்காராமல் ஆக்ஸிலை இறுக்கிவிட்டால் வண்டி ஒழுங்காகத்தான் உருளும். முதல் தடவை பிரேக் பிடிக்கும்போது பிளேட்டும் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றி, கேபிளைச் சுருட்டி இழுத்து, சக்கரத்தை அப்படியே கட்டிப்போட்டுவிடும். பின் சக்கரத்தில் பிளேட் சுற்றாமல் பிடித்து வைப்பது ஸ்டே ராடு என்ற கம்பி. அதன் நட்டும், நட்டு கழலாமல் குத்தி வளைக்கும் ஸ்ப்ளிட் பின்னும் இரண்டு ரூபாய்ச் சாமான் மாதிரி தெரியும். பழைய பின்னையே நிமிர்த்தித் திரும்பக் குத்துபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ஒரு தடவை வளைத்த ஸ்ப்ளிட் பின் அடுத்த தடவை முறியக்கூடும்.

டிஸ்க் பிரேக் என்றால், சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக் லீவரைத் தொடாதீர்கள். பிஸ்டன் வெளியே வந்து, டிஸ்க்கைப் பிடிக்கும் கட்டைகளான பேட் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், பிறகு டிஸ்க் உள்ளே நுழையாது. இரண்டு பேடுக்கும் நடுவே ஒரு அட்டையைச் செருகி வையுங்கள். மாட்டி முடித்ததும் வண்டியை நகர்த்துமுன் லீவரை நாலைந்து தடவை அமுக்கி, பிடிப்பு வருகிறதா என்று பாருங்கள். இதை மறந்து கேட்டில் மோதியவர்கள் உண்டு. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டியில் ஹப்பிலிருக்கும் பல் வளையம் வளைந்துவிடாமல் சக்கரத்தைப் படுக்க வைக்கவும்.

போக்ஸ் கம்பி வீலில் கோட்டம் எடுப்பதைப் பொறுமையுள்ளவர்கள் வீட்டில் செய்யலாம். முதலில் ஒவ்வொரு கம்பியையும் சின்ன ஸ்பானரால் தட்டிப் பாருங்கள். இறுக்கமான கம்பி 'டிங்' என்னும், தளர்ந்தது 'டொக்' என்னும். ஃபோர்க்கில் ஒரு கம்பித் துண்டைக் கட்டி அதன் முனையை ரிம்முக்குப் பக்கத்தில் நிறுத்திச் சுற்றிவிட்டால் எங்கே ஒதுங்குகிறது என்று தெரிந்துவிடும். பல வண்டிகளின் சர்வீஸ் புத்தகத்தில் 2 மில்லிமீட்டர்தான் எல்லை. ரிம் இடப்பக்கம் ஒதுங்கினால் அந்த இடத்தில் ஹப்பின் இடப்பக்கத்திலிருந்து வரும் கம்பியைத் தளர்த்தி, வலப்பக்கக் கம்பியை இறுக்க வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். நிறைய இறுக்கினால் கம்பி முனை, அதை ரிம்மில் பிடித்திருக்கும் திருகான நிப்பிளைத் தாண்டி எழும்பி டியூபைக் குத்தும். ஆணியே இல்லாமல் பஞ்சராகிற வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். அலாய் வீல் நெளிந்தாலோ விரிசல் விட்டாலோ சுத்தியலைக் கீழே வைத்துவிடுங்கள். வெல்டிங்கும் வேண்டாம்.

டயர் மாற்றும்போது பக்கச் சுவரில் அம்புக்குறி பார்த்து மாட்டுங்கள். கடைக்காரர் புதுசு என்று சொன்னாலும் அங்கேயே தயாரிப்பு எண்ணின் கடைசி நாலு இலக்கத்தைப் படியுங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. காற்றழுத்தம் உங்கள் வண்டியின் ஸ்டிக்கரில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் கணக்கு அவர் வண்டிக்கு.

செயினை மறந்தால் சக்கர வேலை முடியாது. பின் சக்கரத்தைக் கழற்றினால் செயின் தளர்வை மறுபடி வைத்தாக வேண்டும், ஆக்ஸிலின் இரண்டு பக்கமும் உள்ள குறி ஒரே அளவில் இருக்க வேண்டும். அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் செய்கிற தப்பு ஒன்று உண்டு: சென்டர் ஸ்டாண்டு போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, கியர் போட்டு, சுற்றுகிற செயினில் துணியைப் பிடித்துத் துடைப்பது. துணி செயினில் மாட்டும், செயின் துணியைப் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டுக்கு இழுக்கும், துணிக்குள் விரல் இருக்கும். என் சொந்தப் பட்டறையில் வேலை பார்த்த பையன் ஒருவனுக்கு வலது கை ஆட்காட்டி விரலில் முதல் கணு இல்லை. என்னிடம் வருவதற்கு முன்னாலேயே வீட்டில் போனதாம். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சக்கரத்தைக் கையால் சுற்றித் துடையுங்கள். பத்து நிமிடம் கூடுதலாக ஆகும்.

டம்ளர் தம்பிக்குப் புதுப் பேரிங் இரண்டு வாங்கி வரச் சொன்னேன். காலரை அவரையே வைக்கச் சொல்லி, நான் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டு பார்த்தேன். டம்ளரை மறந்து விட்டுவிட்டுப் போய்விட்டார், இன்னும் இங்கேதான் இருக்கிறது.