ஹான்ஸ் பழக்கத்தை யார் விசாரிப்பது?

சிங்கப்பூரில் வேலை செய்யும் வெளிநாட்டு ஊழியர் ஒருவரின் கீழுதட்டை மெல்ல இழுத்துப் பார்த்தால் உள்ளே தோல் வெளுத்து, சுருங்கிக் கிடக்கும். ஹான்ஸ் போன்ற பொட்டலப் புகையிலையை நாள்தோறும் ஒரே இடத்தில் அடக்கி வைப்பவர்களிடம் அடிக்கடி பார்க்கும் அடையாளம். "ஹான்ஸ் போடுவீங்களா தம்பி?" என்று கேட்டால் மட்டும், "அதெல்லாம் கிடையாது டாக்டர்" என்று பதில் வரும்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. குட்கா, கைனி, ஜர்தா போன்ற வாயில் போடும் புகையிலை எல்லாம் சிங்கப்பூரில் 2016 ஆகஸ்ட் 1 முதல் தடை. வாயைத் திறந்தால் வேலை பெர்மிட் போய்விடுமோ, ஊரில் வாங்கிய ஏஜென்ட் கடனை யார் அடைப்பது என்ற பயம் அவருக்கு.

இந்த நிலையில் வெளிநாட்டு ஊழியர்களின் புகையிலைப் பழக்கத்தை ஆராய ஒரு பல்கலைக்கழகம் தனியாகக் கிளம்பினால் வேலைக்காகாது. விடுதியில் சூப்பர்வைசர் கண்ணெதிரே வரிசையில் நிற்கவைத்துப் படிவத்தை நீட்டினால், எல்லோரும் 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டுச் சாப்பிடப் போவார்கள். அட்டவணை மட்டும் அழகாக இருக்கும்.

கேள்விகளை எழுதும்போதே ஊழியர்கள் கூட உட்கார வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று நாம் எழுதுவோம். அறையில் இருப்பவருக்குத்தான் தெரியும், ஒரு பொட்டலத்தை நாலு பேர் பங்கு போடுவார்கள் என்று. ஓவர்டைமில் தூக்கம் வராமலிருக்க, சாப்பாடு வரும்வரை பசி தெரியாமலிருக்க என்று போடும் நேரங்களும் அவருக்குத் தெரியும். கேட்பவரும் அவர்களில் ஒருவராக இருப்பது நல்லது. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் டீ குடித்துக்கொண்டே, பெயரும் ஃபின் நம்பரும் (வெளிநாட்டவர் அடையாள எண்) எழுதாமல் கேட்டால் பேச்சு வரும். பதில்கள் கம்பெனிக்குப் போகாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அப்புறம், ஆய்வு முடிவு சஞ்சிகையில் வருவதற்கு முன் தமிழில் அவர்கள் கைக்குப் போக வேண்டும். பணமும் முடிவெடுக்கும் உரிமையும் பல்கலைக்கழகத்திடமே இருக்க, ஒரு தொண்டு அமைப்பின் சின்னத்தை மட்டும் ஒட்டிக்கொள்வதையும் சிலர் கூட்டு ஆய்வு என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

சரி, ஆய்வு நடக்கும்போது நடக்கட்டும். பாக்கு கலந்ததைப் போடுபவர்கள் மூன்று விரல்களை நெட்டுவாக்கில் வாய்க்குள் விட்டுப் பாருங்கள். நுழையாவிட்டால் வாய் இறுகத் தொடங்கியிருக்கலாம். பாக்கே தனியாகப் புற்றுநோய் தரும். இரண்டு வாரம் ஆறாத புண் இருந்தாலும் உடனே காட்டுங்கள். என்ன போடுகிறீர்கள் என்று டாக்டரிடம் தாராளமாகச் சொல்லலாம்; அதைக் கேட்பது சிகிச்சைக்காகத்தான். விட நினைப்பவர்கள் சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் 1800 438 2000 எண்ணில் பேசலாம்.