ஈர மண்ணில் வாடும் செடி

தொட்டியில் மண் நனைந்தே கிடக்க, செடி மட்டும் நாள்கணக்கில் நீர் காணாததுபோல் தலைசாய்ந்து நிற்பதுண்டு. இதைத் தாகம் என்று எண்ணி மேலும் நீர் ஊற்றுபவர் செடியின் அழிவை விரைவுபடுத்துகிறார். ஆனால், செடி உண்மையிலேயே நீரின்றித்தான் தவிக்கிறது.

வேர் இரவும் பகலும் சுவாசிக்கும் உயிர்த்திசு. மண்துகள்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகளின் வழியே வரும் ஆக்சிஜனைக் கொண்டு சர்க்கரையை எரித்து அது ஆற்றல் பெறுகிறது. அந்த இடைவெளிகளில் நீர் நிரம்பிவிட்டால் ஆக்சிஜனின் வரத்து ஏறத்தாழ நின்றுவிடும்; ஏனெனில் ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே பரவுகிறது. மூச்சுத்திணறும் வேரின் உயிரணுக்களில் அமிலத்தன்மை கூடுகிறது. நீரை உள்ளே விடுவதற்காக உயிரணுச் சவ்வில் அமைந்துள்ள அக்வாபோரின் என்னும் புரதக் கால்வாய்கள் அந்த அமிலத்தன்மையால் மூடிக்கொள்கின்றன. மேலே இலைகளிலிருந்து நீராவிப்போக்கு தொடர, கீழே வழி அடைபட்டிருப்பதால், இலைகள் துவள்கின்றன. அதற்குப் பிறகே அழுகல் வருகிறது. தேங்கிய நீரில் நீந்திச் செல்லக்கூடிய வித்துகளைக் கொண்ட பித்தியம் போன்ற நுண்ணுயிர்கள் நலிந்த வேரைப் பற்றுகின்றன. ஆகவே அழுகலைப் பெரும்பாலும் முதற்காரணமாகக் கொள்ளாமல் விளைவாகக் கொள்வதே சரி.

வடிகாலுக்காகத் தொட்டியின் அடியில் கூழாங்கற்களைப் பரப்பும் பழக்கம் இங்கே உதவுவதில்லை. நுண்துகள் மண்ணில் நுண்புழை ஈர்ப்பால் பிடித்து வைக்கப்பட்ட நீர், தன் அடுக்கு முழுதும் நீரால் நிரம்பும் வரை கீழேயுள்ள பெரிய இடைவெளிகளுக்குள் இறங்காது. கற்களுக்கு மேலேயே ஈர அடுக்கு தேங்குவதால், அது வேர்களுக்கு இன்னும் அருகில் வந்துவிடுகிறது. அடியில் துளையுள்ள தொட்டியும், பருமனான துகள்கள் முழுவதுமாகக் கலந்த மண்ணுமே நீரை வடிய விடும்.

வேர் அழுகிவிட்டதா என்ற ஐயத்தைத் தீர்க்கச் செடியை மண்ணுருண்டையோடு வெளியே எடுத்துப் பார்ப்பதே நேர்வழி. நலமான வேர் பெரும்பாலும் வெளுத்தும் விறைப்பாகவும் இருக்கும் (டிரசீனா என்னும் அழகுச்செடியின் வேர் இயல்பிலேயே ஆரஞ்சு நிறம் கொண்டது என்பதால், நிறத்தை மட்டும் நம்பக்கூடாது). அழுகிய வேரை விரலால் இழுத்தால் மேலுறை கழன்று, நடுவே நூல்போன்ற பகுதி மட்டும் எஞ்சும், நாற்றமும் காட்டிக்கொடுக்கும். தண்டு மரம்போல் கெட்டியானதாக இருந்தால் பட்டையை நகத்தால் லேசாகக் கீறிப் பார்க்கலாம்; உள்ளே பசுமை தெரிந்தால் அப்பகுதியில் உயிர் உண்டு.

அழுகியதைத் தூய கத்தியால் நீக்கி, புதிய கலவையில், எஞ்சிய வேருக்கேற்ற சிறிய தொட்டியில் நட வேண்டும். பெரிய தொட்டியின் மண்ணிலுள்ள நீரைச் சிறிய வேர்த்தொகுதியால் உறிஞ்சித் தீர்க்க இயலாது. பழைய துன்பமே திரும்பும். வேர் குறைந்த அளவுக்கு இலையையும் குறைப்பது நல்லது என்றாலும், இதில் தாராளம் கூடாது. புதுவேர் வளரத் தேவையான சர்க்கரை இலைகளிலிருந்துதான் வர வேண்டும். எனவே மஞ்சளித்தவற்றையும் காய்ந்தவற்றையும் மட்டும் எடுத்துவிட்டு, மற்றவற்றின் நீரிழப்பைத் தடுக்கச் செடியைச் சில நாள் ஒளிபுகும் உறையால் மூடி வைப்பதையே நான் பரிந்துரைப்பேன். வெளிச்சம் நன்கு வேண்டும்; நேரடி வெயில் ஆகாது.

வேர் முழுதும் போய்விட்டாலும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. செடி சிதைந்த திசுவைச் செப்பனிடுவதில்லை. அதை ஒதுக்கிவிட்டு, வளர்முனைகளிலிருந்து புதிய உறுப்புகளை உருவாக்குகிறது. தண்டின் நுனியில் உண்டாகும் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கி கீழ்நோக்கி இறங்கி, வெட்டுவாயில் சேர்ந்து, அங்கே வேர் முளைக்கத் தூண்டுகிறது. நலமான தண்டுத் துண்டு ஒன்றைப் பதியம் போட்டால் பல இனங்களில் செடி மீள்வது இவ்வாறே. நுனி வெட்டப்பட்ட தாய்த்தண்டிலோ, மேலிருந்து ஆக்சின் வருவது நின்றுவிட்டதால், அதுவரை அடங்கிக் கிடந்த பக்க மொட்டுகள் விழிக்கின்றன.

நோயுற்ற செடிக்கு உரமிடுவது பொதுவான தவறு. மண்ணீரில் உப்பின் செறிவு கூடினால், சவ்வூடு பரவலால் வேருக்குள் நீர் நுழைவது மேலும் கடினமாகும். மஞ்சள் நிறத்தைக் கண்டு சத்துக்குறை என்று முடிவு கட்டுவதும் ஏமாற்றலாம். தழைச்சத்தும் மக்னீசியமும் குறையும்போது, செடி அவற்றை முதிர்ந்த இலைகளிலிருந்து இளந்தளிர்களுக்கு மாற்றுவதால், கீழிலைகள் முதலில் வெளிறும். இடம்பெயராத இரும்பு குறைந்தால் தளிர்களே முதலில் வெளிறும். ஆயினும் அழுகிய வேரால் எந்தச் சத்தையும் சரிவர எடுக்க முடியாதாகையால், வேரைப் பார்க்காமல் இலையை மட்டும் கொண்டு கணிப்பது பயனற்றது.

முற்றிலும் மஞ்சளான இலை பெரும்பாலும் மீண்டும் பச்சையாவதில்லை. மீட்சியைப் புதிய தளிரில்தான் தேட வேண்டும். அதற்குச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை மேல்மண் இரண்டு விரற்கடை ஆழம் உலர்ந்த பின்பே நீர் விட வேண்டும். தளிர் விரிந்து அடுத்த இலையும் தோன்றிய பிறகு, வழக்கத்தைவிட நீர்த்த உரக்கரைசலைக் கொடுக்கத் தொடங்கலாம்.