கேரக்டர்: பாத்திரமா, மாந்தரா, வேடமா?

சொல்: கேரக்டர். புழங்கும் இடம்: மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, பேசியே ஆடும் கற்பனைக் கதை விளையாட்டுகள். பெங்களூருக்குப் பக்கம் என்பதால் ஓசூர்ப் பிள்ளைகளுக்கு இது சீக்கிரம் பழகிவிடுகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமும் விடுமுறைக்கு ஊர் திரும்புகிறவர்கள் புத்தகத்தையும் பகடைப் பையையும் கொண்டு வருகிறார்கள். "கேரக்டர் போட்டாச்சா?", "என் கேரக்டர் போன வாரமே செத்துப்போச்சு", "கேரக்டர் ஷீட்டை வீட்டிலேயே வச்சுட்டு வந்துட்டேன்" என்று பேச்சு போகிறது. சொல் எல்லாருக்கும் புரிகிறது. ஆனால் இதைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் அகராதி நாலைந்து சொல்லை நீட்டுகிறது, அவற்றில் பாதி இந்த ஆட்டத்துக்கு ஒட்டவில்லை.

முதலில் சொல்லின் பிறப்பு. கிரேக்கத்தில் 'கராஸ்ஸைன்' என்றால் கீறுதல், செதுக்குதல். அதிலிருந்து வந்த 'கரக்தேர்' முதலில் செதுக்கும் கருவியையும் நாணயத்தில் அடிக்கும் முத்திரையையும் குறித்தது. முத்திரையைப் பார்த்து நாணயத்தை அடையாளம் காண்பது வழக்கம். மெல்ல, மனிதரை அடையாளம் காட்டும் தன்மைக்கும் அதே சொல் வந்தது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கிரேக்கத் தத்துவஞானி தியோஃப்ராஸ்டஸ் முகஸ்துதிக்காரன், கஞ்சன், வாயாடி என்று 30 வகை ஆட்களை வரைந்து காட்டிய நூலுக்கு இந்தச் சொல்லின் பன்மையே பெயர். லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன பிறகு, 17ஆம் நூற்றாண்டில்தான் நாடகத்தில் வரும் ஆள் என்ற பொருள் சேர்ந்தது. செதுக்கிய குறி என்ற பழைய பொருளும் சாகவில்லை. கடவுச்சொல்லுக்கு '8 கேரக்டர் வேண்டும்' என்று கணினி கேட்கிறதே, அது எழுத்தைத்தான் கேட்கிறது.

நம் பேச்சில் இந்தச் சொல்லுக்கு வேறு நிறமும் உண்டு. "அவன் ஒரு கேரக்டர்டா" என்றால் விசித்திரமான ஆள். "அவன் கேரக்டர் சரியில்லை" என்றால் ஒழுக்கத்தைப் பற்றிய குற்றச்சாட்டு. பள்ளியில் தரும் நன்னடத்தைச் சான்றிதழ் இந்தப் பொருளின் சர்க்கார் வடிவம். ஆட்டத்தில் இந்த இரண்டுக்கும் வேலையில்லை.

சரி, ஆட்டத்தில் என்ன பொருள்? 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் அமெரிக்காவில் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இந்த வகை ஆட்டம்தான், அது பொம்மை வீரர்களை வைத்து ஆடும் போர் விளையாட்டிலிருந்து பிறந்தது. கைகாக்ஸ் அதற்கு முன் 1971இல் இன்னொருவரோடு சேர்ந்து எழுதிய போர் விதிகளில், பெரிய சண்டை என்றால் ஒரு பொம்மை 20 வீரருக்குச் சமம். புதிய ஆட்டத்தில் ஒரு பொம்மை ஒரே ஆள். திருப்பம் இதில்தான் இருக்கிறது. இருபது பேருக்குப் பெயர் வைக்க வேண்டியதில்லை. ஒருவர் என்றானதும் பெயர் வேண்டும், ஊர் வேண்டும், பயம் வேண்டும், போன தடவை பட்ட காயம் இந்தத் தடவையும் வலிக்க வேண்டும். ஒருவர் கதையை நடத்த, மற்ற ஒவ்வொருவரும் ஓர் ஆளாக அந்தக் கதைக்குள் இறங்குவார்கள். அந்த ஆளை ஒரு தாளில் உண்டாக்குவதைத்தான் கேரக்டர் போடுவது என்கிறோம்.

இதற்குத் தமிழ்ச்சொல் தேடினால் முதலில் நிற்பது பாத்திரம். வடமொழியில் 'பாத்ர' என்பது கலம். நாடகத்தில் வேடம் ஏற்பவரையும் அந்த மொழியே அப்படிச் சொல்லிவிட்டதால் 'கதாபாத்திரம்' நமக்குத் தைத்த சட்டையாகவே வந்தது. "பாத்திரம் அறிந்து பிச்சையிடு" என்பதில் வரும் தகுதியுள்ளவர் என்ற பொருளும் அங்கிருந்து வந்ததே. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கதாபாத்திரம் என்றால் எழுதியவர் ஒருவர் இருக்கிறார், அவர் நினைத்தபடி அது நடக்கும் என்ற எண்ணம் கூடவே வருகிறது. 'பாத்திரப் படைப்பு' விமர்சகர்கள் நாவலைப் பற்றிப் பேசும் சொல். பகடை உருட்டி வந்த எண்ணுக்குக் கட்டுப்பட்டு ஓர் ஆளை உண்டாக்குவது படைப்பில் பாதிதான். மீதிப் பாதி வாய்த்தது.

அந்த வாய்ப்பைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். பழைய முறையில் 3 ஆறுமுகப் பகடைகளை உருட்டிக் கூட்டுவார்கள். 3 முதல் 18 வரை எதுவும் விழலாம், சராசரி 10.5. மூன்றிலும் ஆறு விழுந்து 18 வருவது 216இல் ஒருமுறை. தாயம் விழாமல் காயை மனையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு இந்த ஏக்கம் புரியும். இப்படி ஆறு தடவை உருட்டி, விழுந்த வரிசையிலேயே ஆறு குணங்களுக்கு எழுத வேண்டும். மாற்றி வைக்க அனுமதியில்லை. இன்று பலர் 4 பகடை உருட்டி மிகச் சிறியதைக் கழித்துவிடுகிறார்கள். பகடையே வேண்டாம் என்பவர்களுக்கு 15, 14, 13, 12, 10, 8 என்று ஆயத்தமான எண்கள் இருக்கின்றன, விருப்பப்படி பங்கிட்டுக்கொள்ளலாம். எனக்கென்னவோ பழைய முறைதான் பிடித்திருக்கிறது. நாம் கேட்காத ஓர் ஆள் வந்து எதிரில் நிற்பான்.

எடுத்துக்காட்டுக்கு ஒருவனைக் கட்டிப் பார்ப்போம். பெயர் சாத்தன். இலக்கண ஆசிரியர்கள் காலங்காலமாக "சாத்தன் வந்தான்" என்று எழுதி எழுதியே அவனை வரவழைத்தவர்கள், நாமும் அழைக்கலாம். உருட்டியதில் வலிமை 9, லாவகம் 15, தாங்குதிறன் 13, அறிவு 11, விவேகம் 12, ஈர்ப்பு 7. எண்ணிலிருந்து பத்தைக் கழித்து இரண்டால் வகுத்து, பின்னம் வந்தால் கீழே இறக்கினால் கிடைப்பது கூட்டல் கழித்தல். 15க்குக் கூட்டல் 2, 7க்குக் கழித்தல் 2. காரியத்தின்போது இருபது முகப் பகடையை உருட்டி அதோடு இதைச் சேர்ப்பார்கள். 15 எட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பாறையில் தாவி ஏறுவதற்குச் சாத்தனுக்குப் பகடையில் 13 விழுந்தால் போதும், இருபதில் எட்டு வாய்ப்பு. சுங்கக் காவலனிடம் பேசி வழிவிட வைக்க 17 விழ வேண்டும், இருபதில் நான்குதான்.

இதுவரை கணக்கு. இனிமேல்தான் ஆள். ஈர்ப்பு ஏன் 7? ஆடுகிறவர் பதில் சொல்ல வேண்டும். வத்தல்மலை மாதிரி ஒரு மலையில் மனிதரைவிட மாடுகளோடு அதிகம் வளர்ந்தவன், அதனால் பேச்சு வராது என்கிறாரா? இல்லை, பொய்ச்சாட்சி சொல்லி ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவன், யாரும் முகம் கொடுப்பதில்லை என்கிறாரா? எண் ஒன்றுதான், ஆள் வேறு. மற்ற ஆட்டங்கள் இதை வேறு விதமாகச் செய்கின்றன. 1977இல் வந்த 'டிராவலர்' என்ற விண்வெளி ஆட்டத்தில் ஆளின் முன்வாழ்க்கையையும் பகடையே தீர்மானிக்கும். ஆட்டம் தொடங்கும் முன்பே, தாளில் எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர் செத்துப்போகவும் வாய்ப்புண்டு. இதில் இருக்கும் குரூரமான நகைச்சுவையை ரசிக்கத் தனி மனம் வேண்டும்.

குணங்களின் பெயர்களை மேலே நான் எடுத்துக்கொண்டபடி தந்துவிட்டேன். வலிமை, அறிவு இரண்டிலும் சண்டையில்லை. அறிவுக்கும் விவேகத்துக்கும் வேறுபாடு என்ன என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள்: நட்சத்திரத்தின் பெயர் தெரிவது அறிவு, காற்றின் வாடையை வைத்து மழை வரும் என்று உணர்வது விவேகம். 'கரிஸ்மா' என்பதற்குக் கவர்ச்சி என்று எழுதாதீர்கள். சினிமா அந்தச் சொல்லைக் கொண்டுபோய்விட்டது. ஈர்ப்பு என்பதோ, இன்னும் நம் பேச்சுக்குப் பக்கமாகக் களை என்பதோ போதும்.

தாளில் அடுத்த கட்டங்கள் சிக்கலானவை. 'ரேஸ்' என்பதற்கு இனம், 'கிளாஸ்' என்பதற்கு வகுப்பு என்று அகராதிப்படி எழுதிப் பாருங்கள். பெயர், இனம், வகுப்பு என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் சாதிச் சான்றிதழுக்குக் கொடுக்கும் விண்ணப்பமாகவே அது மாறிவிடும். மந்திரவாதியாகவோ கள்வனாகவோ ஆக ஆசைப்பட்டு வந்தவரிடம் பிற்படுத்தப்பட்ட வகுப்பா என்று கேட்பது போல இருக்கிறது. 'ரேஸ்' என்ற சொல்லை 2024 பதிப்பில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளியிடுகிறவர்களே கைவிட்டு, உயிரினம் என்ற பொருள்படும் சொல்லுக்கு மாறிவிட்டார்கள். நாம் பிறவி என்று சொல்லலாம். அதில் வரும் குட்டையான மலைவாசிகளுக்குக் குள்ளர் என்ற ஏளனச் சொல் வேண்டாம், சிலப்பதிகாரத்தில் கூனோடு சேர்ந்து வரும், குட்டையானவரைக் குறிக்கும் 'குறள்' இருக்கிறது, குறளர் எனலாம். கூர்ங்காது கொண்ட கற்பனைப் பிறவிகளான எல்ஃபுகளை எல்ஃப் என்றே விட்டுவிடலாம். வகுப்புக்குப் பதில் துறை. வெட்சித்துறை, கரந்தைத்துறை என்று போர் வகைகளுக்கே புறத்திணையில் புழங்கிய சொல். 1974இல் மூன்றே துறைகள்: போர்வீரர், மந்திரவாதி, பூசாரி. கள்வர் 1975இல் சேர்ந்தார்.

கள்வர் துறைக்கு நம்மிடமே ஒரு திறன் பட்டியல் உண்டு என்பதை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. சிலப்பதிகாரத்தில் கோவலன்மேல் பழி போடும் பொற்கொல்லன், கள்வருக்குத் துணை நிற்பவை என்று எட்டைச் சொல்கிறான்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி. விதிப்புத்தகத்தில் அப்படியே சேர்த்துவிடலாம். தொல்காப்பியமும் சளைத்ததில்லை. தலைவனுக்கும் தலைவிக்கும் பொருத்தம் பார்க்க அதன் மெய்ப்பாட்டியல் என்ற பகுதி பிறப்பு, குடிமை, ஆண்மை, ஆண்டு, உருவு என்று தொடங்கி நிறை, அருள், உணர்வு, திரு வரை பத்தை அடுக்குகிறது. எண் போடவில்லை, அவ்வளவுதான்.

இனி அந்தத் தாள். தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம், இரண்டு ஊர் அருங்காட்சியகங்களிலும் நடுகற்கள் நிற்கின்றன. மன்னன் பெயர், ஆட்சியாண்டு, வீரன் பெயர், தொறு மீட்டுப் பட்டான் என்ற செய்தி, பக்கத்தில் வில்லோ வாளோ ஏந்திய உருவம். தொறு என்றால் மாட்டு மந்தை, பட்டான் என்றால் இறந்தான். ஓர் ஆளைக் குறிக்க இவ்வளவு போதும் என்று முடிவுசெய்து செதுக்கியிருக்கிறார்கள். 'பெயரும் பீடும் எழுதி' என்று அகநானூறு இதைச் சொல்கிறது, பீடு என்றால் பெருமை. கீறுவதில் பிறந்த கிரேக்கச் சொல்லுக்கு இதைவிடப் பக்கத்தில் ஒன்று கிடைக்காது. ஒரே வேறுபாடு, நடுகல் முடிந்த வாழ்க்கையைச் சொல்கிறது, இந்தத் தாள் தொடங்கப்போகும் வாழ்க்கையை. பெயர் இருக்கும், பீடு காலியாக இருக்கும். பீட்டுத்தாள் என்று வைத்தால் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் முதல் நாளிலேயே நூறு பேருக்கு விளக்க வேண்டிவரும்.

ஆகவே நான் வந்து நிற்பது வேடத்தில். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும் மாவட்டங்கள் இவை. கூத்துக்காரர் வேஷம் கட்டுகிறார் என்றுதான் பேச்சு. கட்டுவதென்றால் உண்மையாகவே கட்டுவது: அரிதாரம் பூசி, மரத்தில் செய்த புஜகீர்த்தி என்ற தோளணியையும் மார்புப் பதக்கத்தையும் கயிற்றால் இறுக்கி, கிரீடம் வைத்து முடிப்பதற்குள் நேரம் பிடிக்கும். கட்டி முடித்துத் திரைக்குப் பின்னால் வந்து நின்றால், கட்டியங்காரன் யார், எந்த நாடு என்று கேட்க, வேஷம் தன் பெருமையைத் தானே பாடிக்கொண்டு வெளியே வரும். விளையாட்டில் முதல் நாள் ஒவ்வொருவராக "என் கேரக்டர் யாரென்றால்" என்று சொல்லும் சடங்கும் இதுதான். இன்றைக்குக் கர்ணன் கட்டியவர் நாளைக்குத் துச்சாதனன் கட்டுவார், ஆள் வேறு வேடம் வேறு என்பதில் யாருக்கும் குழப்பமில்லை. ஒரு வித்தியாசம் மட்டும் பெரிது. பதினெட்டாம் நாள் துரியோதனன் படுகளத்தில் விழுந்தே ஆக வேண்டும். சாத்தன் என்ன ஆவான் என்று கதை நடத்துகிறவருக்கே தெரியாது.

இந்த ஆட்டங்களை ஆங்கிலத்தில் 'ரோல்-பிளேயிங் கேம்' என்பார்கள், அந்த 'ரோல்' என்ற சொல்லும் இந்தப் பக்கமே சாய்கிறது. நடிகரின் வசனம் எழுதிய காகிதச் சுருள்தான் பிரெஞ்சில் அந்தப் பெயர் பெற்றது. எனவே ஆட்டம் வேடமாட்டம், ஆடுபவர் ஏற்கும் ஆள் வேடம், அவரை உண்டாக்குவது வேடம் கட்டுதல், தாள் வேடத்தாள். கதை நடத்துகிறவர் பேச்சில் வந்துபோகும் சத்திரக்காரர், சிற்றரசர், வழிப்பறிக்காரர் எல்லாம் கதைமாந்தர். தனித்தமிழ்க்காரர்கள் வேஷத்தின் வடமொழி வேரைச் சுட்டிக்காட்டிக் கோலம் என்பார்கள். பழைய சொல், நல்ல சொல். ஆனால் கோலம் கட்டு என்றால் புரியாது, கோலம் போடு என்றால் வாசலுக்குப் போய்விடுவோம்.

"வேஷம் போடுறான்" என்றால் நடிக்கிறான், ஏமாற்றுகிறான் என்று அர்த்தமாயிற்றே என்று கேட்கலாம். வினையைக் கவனியுங்கள். போடுவதில்தான் அந்தக் கறை அதிகம். "அவர் அர்ச்சுனன் வேஷம் கட்டுவார்" என்பதில் மரியாதைதான் இருக்கிறது. இன்னொரு தொல்லை இலக்கணத்தில்: வேடம் அஃறிணை, சாத்தன் உயர்திணை. "என் வேடம் செத்துப்போச்சு", "சாத்தன் செத்துட்டான்" இரண்டும் சரியே, முதலாவது கொஞ்சம் உயிரில்லாமல் இருக்கிறது. நடைமுறையில் ஆட்டம் சூடு பிடித்ததும் இந்தத் தொல்லை தானாகப் போய்விடும். அப்போது யாரும் வேடம், கேரக்டர் என்றெல்லாம் சொல்வதில்லை. "நான் கதவை உடைக்கிறேன்" என்றுதான் சொல்வார்கள்.