கையெழுத்தைக் கடைசியில் பாருங்கள்

ஸ்பானிய ஓவியர் டாலியின் படம் என்று என்னிடம் கொண்டுவருபவர்கள் முதலில் விரல் வைத்துக் காட்டுவது கீழ்மூலையில் இருக்கும் பென்சில் கையெழுத்தைத்தான். நான் அதைக் கடைசியில் பார்ப்பேன்.

சால்வடார் டாலி வெற்றுத் தாள்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர். 1974-இல், பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே உள்ள குட்டி நாடான அந்தோராவின் எல்லையருகே பிரெஞ்சுச் சுங்கத்தார் மடக்கிய ஒரு லாரியில் அப்படி 40,000 தாள்கள் இருந்தன. கீழே கையெழுத்து, மேலே ஒன்றுமில்லை. அதனால் கையெழுத்து அவருடையதாகவே இருந்து, படம் அவர் கண்ணிலேயே படாததாக இருக்கலாம். போலிக் கையெழுத்து தனிக் கதை.

அண்மையில் ஒரு படம் வந்தது. 127/300 என்ற எண், அதாவது 300 பிரதிகளில் 127-ஆவது. 1973-இல் அச்சான லித்தோகிராஃப் (கல்லச்சு ஓவியம்) என்று ஒரு சான்றிதழ். சட்டத்தைக் கழற்ற உரிமையாளருக்கு மனமே இல்லை. "பின்னாடி சீல் உடைஞ்சிடுமே சார்" என்றார். ஒருவழியாகக் கழற்றினோம்.

பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியைப் படத்தில் நிழல் தீட்டிய இடத்தில் வைத்தேன். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் வரிசை பிசகாமல் சின்னப் பூக்கள் மாதிரி கூடி நின்றன. பத்திரிகை அட்டையில் பார்க்கும் அதே புள்ளிகள். கல்லில் எண்ணெய்ப்பசைக் கிரேயானால் வரைந்து, நீர் தடவி, மை உருட்டி எடுக்கும் படத்தில் இந்த ஒழுங்கு வராது. மணல் தூவியதுபோலச் சொரசொரப்புதான் தெரியும். இது ஆஃப்செட், பத்திரிகைகளை அடிக்கும் இயந்திர அச்சு.

சரி, தாளையும் பார்ப்போம் என்று வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். பிரான்சின் ஆர்ஷ் காகித ஆலையின் நீர்க்குறி, தாளுக்குள்ளேயே பதிந்த அடையாளம். பக்கத்திலேயே படுத்த எட்டு போன்ற முடிவிலிக் குறி. அந்தக் குறி அந்தத் தாளில் வரத் தொடங்கியது 1980 வாக்கில். 1973-இல் அச்சான படத்துக்கு இந்தத் தாள் எங்கிருந்து கிடைத்தது? தாள் 1980 வாக்கிலோ அதற்குப் பிறகோ வந்தது என்றால், அந்த வயதில் டாலிக்குக் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. இங்கே கையெழுத்தோ துள்ளி ஓடியது.

எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். 300-க்கு வெளியே ரோமன் எண் போட்ட பிரதிகள், ஓவியருக்கான பிரதிகள், ஜப்பானியத் தாள் பிரதிகள் என்று தனித்தனி வரிசைகள் இருக்கும். மொத்தம் எத்தனை என்று கேளுங்கள். ஆல்பர்ட் ஃபீல்டு 1996-இல் வெளியிட்ட டாலி அச்சோவியப் பட்டியலில் எந்தப் பதிவு என்றும் கேளுங்கள். விற்பவரே எழுதிக் கொடுக்கும் சான்றிதழ் என்னைப் பொறுத்தவரை வெறும் ரசீது.

அந்தப் படத்தைப் பழையபடி சட்டத்திலேயே போட்டுத் தரச் சொன்னார் உரிமையாளர். போட்டுக் கொடுத்தேன். பின்னால் இருந்த சீலை மட்டும் திரும்ப ஒட்டவில்லை.