மின்கலம் வேறு, பற்றரி வேறு

மின்சார வாகனம் பற்றிய செய்தி எதை எடுத்தாலும் மின்கலம்தான். காரின் அடியில் கிடக்கும் முழுப் பெட்டியும் மின்கலம், அதற்குள் இருக்கும் ஒற்றைச் செல்லும் மின்கலம்!

பற்றரி என்ற சொல்லின் மூலம் பிரெஞ்சு. அடித்தலைக் குறித்த சொல், பீரங்கி வரிசைக்குப் பெயரானது. 1749இல் பெஞ்சமின் பிராங்கிளின், பிணைத்து வைத்த லெய்டன் சாடிகளுக்கு (மின்னேற்றத்தைப் பிடித்து வைக்கும் கண்ணாடிச் சாடிகள்) அதைச் சூட்டினார். பல சேர்ந்தால்தான் பற்றரி. பள்ளியில் படித்த மின்கலவடுக்கு இதற்குச் சரியான தமிழ்; மின்கலம் என்பது ஒற்றைச் செல்லுக்கு.

"மின்கலம் சின்னச் சொல், வாய்க்கு வரும்" என்பார்கள். டோர்ச்சுக்குப் போடும் ஒற்றைச் செல்லையும் சனம் பற்றரி என்கிறதே என்றும் கேட்பார்கள். உண்மைதான். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் வன்னிக்குள் பற்றரி வரவிடாத காலம், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட சனம் "பற்றரி இல்லை" என்றால் எல்லாருக்கும் விளங்கியது. கடைப் பேச்சுக்கு அது போதும். பெற்றோலிலும் மின்சாரத்திலும் ஓடும் ஐபிரிட் காருக்குப் போதாது.

டொயோட்டாவின் ஐபிரிட் காரான மூன்றாம் தலைமுறை பிரியஸை எடுங்கள். நிக்கல் உலோக ஐதரைட்டுக் கலங்கள் ஆறாறாக 28 தொகுதிகள். மொத்தம் 168 கலம், கலமொன்றுக்கு 1.2 வோல்ற்று, எல்லாம் தொடராகச் சேர்ந்து 201.6. இதில் "மின்கலம் பழுது" என்று எழுதினால் எது பழுது? ஒரு தொகுதியை மாற்றும் செலவுக்கும் முழு அடுக்கையும் மாற்றும் செலவுக்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம். ஏ-9 வீதியோர கராஜ்காரர் "பற்றரி பிழையில்லை அண்ணை, ரெண்டு செல்தான் வீக்" என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறார். தமிழ் வளர்ப்பதாகச் சொல்லும் மொழிபெயர்ப்பாளருக்குத்தான் அந்தத் தெளிவு இல்லை.

இப்போது வரும் நுட்பத்தில் சிக்கல் இன்னும் கூடுகிறது. கலங்களைத் தொகுதிகளாகக் கட்டும் நடுப்படியையே விட்டுவிட்டு, நேரே பெட்டிக்குள் அடுக்குகிறார்கள். 2020இல் சீன நிறுவனமான பிவைடி கொண்டுவந்த பிளேட் பற்றரி அப்படித்தான்: நீண்ட, தட்டையான லித்தியம் இரும்புப் பொசுபேற்றுக் கலங்கள், கத்தி அலகுகள் போல நெருக்கி வைத்தது. தொகுதிக் கூடுகள் போன இடத்தில் கூடுதல் கலம் கொள்ளும். "கலத்திலிருந்து நேரே அடுக்குக்கு" என்றால் விளங்குகிறது. மின்கலக் கட்சிக்காரர் என்ன எழுதுவார்? "மின்கலத்திலிருந்து மின்கலத்துக்கு" என்றா?

இன்னொரு கூட்டம் பற்றரியை மின்தேக்கி என்கிறது. அது நாங்கள் கொள்ளளவி (கப்பாசிற்றர்) என்று படித்த சாமானுக்குத் தமிழ்நாட்டுப் பெயர். இரசாயனத் தாக்கத்தால் மின் தருவதற்கும் தகடுகளில் மின்னேற்றத்தைப் பிடித்து வைப்பதற்கும் வித்தியாசம் தெரியாதவர் மின்சாரக் கார் பற்றி எழுதாமல் இருக்கலாம். மின்கலவடுக்கு நீளமாகத் தெரிந்தால் பேசாமல் பற்றரி என்றே எழுதுங்கள். தமிழ் கெட்டுவிடாது.