பிறப்பிலேயே கை நரம்பில் காயம்: பதின்ம வயதில் கேட்டுப் பெற வேண்டிய உரிமைகள்

"கை நல்லாத்தானே இருக்கு, உனக்கு எதுக்குக் கூடுதல் நேரம்?"

பிறக்கும்போது கை நரம்பில் அடிபட்ட பிள்ளைகள் வளர்ந்து பெரிய வகுப்புகளுக்கு வரும்போது இந்தக் கேள்வி ஒருமுறையாவது காதில் விழும். என் காதிலும் விழுந்திருக்கிறது. என் வலது கை அப்படிப்பட்டது. அந்த வயதில் எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் பதில் எழுத்தில் இருக்கிறது, அதில் நாடுகள் கையெழுத்துப் போட்டிருக்கின்றன என்பதே வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. இன்று அந்த வயதில் இருப்பவர்களுக்கு அவ்வளவு காலம் ஆகக் கூடாது.

முதலில் காயத்தைப் பற்றிக் கொஞ்சம். பிரசவத்தில் தலை வெளியே வந்த பிறகு குழந்தையின் தோள் தாயின் இடுப்பெலும்பில் மாட்டிக்கொள்வதுண்டு. அப்போது கழுத்துக்கும் தோளுக்கும் இடையே உள்ள பகுதி இழுபட்டு, முதுகுத்தண்டிலிருந்து கைக்குப் போகும் நரம்புப் பின்னல் காயப்படுகிறது. மருத்துவர்கள் இந்தப் பின்னலைப் பிரேக்கியல் பிளெக்சஸ் என்பார்கள். இதில் ஐந்து நரம்பு வேர்கள் உண்டு. மேலே உள்ள வேர்கள் பாதிக்கப்பட்டால் தோளைத் தூக்குவதும் முழங்கையை மடக்குவதும் சிரமமாகும். எர்ப்ஸ் பால்சி என்று சொல்லப்படுவது இதுதான். கீழே உள்ளவை பாதிக்கப்பட்டால் மணிக்கட்டும் விரல்களும் பலமிழக்கும். சிலருக்கு ஐந்துமே. சுமார் ஆயிரம் பிறப்புகளில் ஒன்றில் இப்படி நடக்கிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு முதல் சில மாதங்களிலேயே கை நன்றாகத் தேறிவிடும். மீதிப் பேருக்கு ஏதோ ஒரு குறை வாழ்நாள் முழுக்கத் தங்கிவிடுகிறது.

பதின்ம வயதில் இது புதிய முகம் காட்டும். நரம்புக் காயம் அதிகமாவதில்லை. ஆனால் உடம்பு வேகமாக வளரும் பருவத்தில் எலும்பு நீள்கிறது, பலமிழந்த தசை அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் இறுகுகிறது. தோள் உள்பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். ஒரு கை மற்றதைவிடக் குட்டையாகவும் மெலிந்தும் தெரியும். வாய்க்குக் கையைக் கொண்டுபோனால் முழங்கை வெளியே எழும்பும். உள்ளங்கையை மேலே திருப்பி எதையும் வாங்க வராது. பின்னந்தலையில் முடி கட்டுவது, முதுகுப்பக்கம் கொக்கி மாட்டுவது, கனமான பையை அந்தத் தோளில் போடுவது எல்லாம் தினசரிப் போராட்டம். எல்லா வேலையையும் தன்மேல் போட்டுக்கொள்ளும் மற்றக் கைக்கும், கழுத்துக்கும், முதுகுக்கும் வலி வரும். இத்தனையும் சட்டைக் கைக்குள் மறைந்துபோகிற விஷயங்கள். அதனால்தான் அந்தக் கேள்வி.

பதில் இருப்பது மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையில். 2006 டிசம்பர் 13 அன்று ஐ.நா. பொதுச்சபை இதை ஏற்றது. 2008 மே 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. 180க்கும் மேற்பட்ட நாடுகள் இதற்கு ஒப்புதல் தந்துள்ளன. ஒப்புதல் தருவது என்றால், இதில் உள்ளதற்கு ஏற்பத் தன் சட்டங்களை மாற்றிக்கொள்கிறேன் என்று ஒரு நாடு வாக்குக் கொடுப்பது. கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு ஒப்புதல் தராமல் நிறுத்திய நாடுகளும் உண்டு. அமெரிக்கா 2009இல் கையெழுத்திட்டது, ஒப்புதல் தரவில்லை. ஆகவே உங்கள் நாடு எந்த வரிசையில் நிற்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

யாருக்கு இது பொருந்தும்? உடன்படிக்கையின் முதல் பிரிவே சொல்லிவிடுகிறது: நீண்டகால உடற்குறைபாடு உள்ளவர்கள், அந்தக் குறைபாடு சுற்றியிருக்கும் தடைகளோடு மோதும்போது மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கெடுக்க முடியாமல் போகிறவர்கள். எத்தனை விழுக்காடு என்ற கணக்கு அங்கே இல்லை. பார்த்தவுடன் தெரிய வேண்டும் என்றும் இல்லை. பிறப்பிலிருந்தே இருக்கும் கைக் காயம் நீண்டகாலக் குறைபாடு. மூன்று மணி நேரம் நிறுத்தாமல் எழுதச் சொல்லும் தேர்வு ஒரு தடை. அவ்வளவு போதும். உதவித்தொகை, ஒதுக்கீடு போன்றவற்றுக்கு உங்கள் நாட்டுச் சட்டம் ஒரு குறைந்தபட்ச அளவு வைத்திருக்கலாம். அந்த அளவுக்குக் கீழே இருப்பதால் வகுப்பறையில் கேட்கும் சிறு வசதியும் கிடையாது என்று யாராவது சொன்னால் அங்கே இரண்டு வேறு விஷயங்கள் குழப்பப்படுகின்றன.

இரண்டாம் பிரிவுதான் என் பார்வையில் இந்த உடன்படிக்கையின் உயிர். நியாயமான வசதி என்ற ஒன்றை அது வரையறுக்கிறது. குறிப்பிட்ட ஒருவருக்கு, குறிப்பிட்ட ஒரு சூழலில் தேவைப்படுகிற மாற்றம்; செய்து தருபவர்மேல் அளவுக்கு மீறிய சுமையைப் போடாத மாற்றம். அதை மறுப்பதே பாகுபாடு என்று அதே பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. வேண்டுமென்றே ஒதுக்கினால்தான் பாகுபாடு என்று நினைப்பவர்கள் நிறைய. செய்து தந்திருக்கக்கூடியதைச் செய்யாமல் இருப்பதும் பாகுபாடுதான். 24ஆம் பிரிவு இதைப் பள்ளிக்குள் கொண்டுவருகிறது: ஒவ்வொரு மாணவரின் தேவைக்கும் ஏற்ற நியாயமான வசதி கல்வியில் கிடைக்க வேண்டும்.

இந்த உடன்படிக்கை நிறைவேறுகிறதா என்று கண்காணிக்கும் நிபுணர் குழு, பிரிவுகளை எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும் என்று அவ்வப்போது விளக்கம் வெளியிடுகிறது. 2016இல் கல்வி பற்றி வந்த 4ஆவது பொது விளக்கத்தில், பள்ளியோடு பேசப்போகும் எந்தப் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டிய ஒரு கருத்து இருக்கிறது. மருத்துவச் சான்று கொடுத்தால்தான் வசதி என்று நிபந்தனை போடக் கூடாது. கல்வியில் என்ன தடை இருக்கிறது என்பதைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். 2018இல் வந்த 6ஆவது விளக்கம் இன்னும் சில கதவுகளைத் திறக்கிறது. வசதி கேட்கப்பட்ட அந்த நொடியிலிருந்தே கடமை தொடங்குகிறது. கேட்டவரோடு உட்கார்ந்து பேசி, என்ன செய்யலாம் என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கான செலவைக் கேட்டவர் தலையில் கட்டக் கூடாது. 'சுமை அதிகம்' என்று மறுத்தால் அதை நிரூபிக்கும் பொறுப்பு மறுக்கிறவருடையது. நடைமுறையில் பல பள்ளிகள் சான்று கேட்கத்தான் செய்யும். கையில் இருந்தால் கொடுத்துவிடுவது வேலையைச் சுலபமாக்கும். இல்லாவிட்டால் பேச்சே கிடையாது என்று திருப்பி அனுப்பினால் மேலே சொன்னதை நினைவில் வையுங்கள்.

என்னென்ன கேட்கலாம் என்பது அவரவர் கையைப் பொறுத்தது. எழுதும் கையே பாதிக்கப்பட்டவருக்குத் தேர்வில் கூடுதல் நேரமோ, தட்டச்சு செய்யும் அனுமதியோ, சொல்வதை எழுத ஒருவரோ தேவைப்படலாம். சிலருக்கு இடையிடையே கையை ஓய்வில் வைக்கச் சில நிமிடங்கள் போதும். மேசையின் உயரத்தையும் உட்காரும் பக்கத்தையும் மாற்றினாலே பாதி வலி போய்விடுவதை என் சொந்த அனுபவத்தில் அறிவேன். புத்தகங்களை வீட்டில் ஒரு தொகுதி, பள்ளியில் ஒரு தொகுதி என்று வைத்துக்கொள்ளலாம். ஆய்வகத்தில் இரண்டு கையும் வேண்டிய வேலைக்கு ஒரு துணை கேட்கலாம். துணை என்றால் பிடித்துக்கொடுப்பவர். சோதனையைச் செய்வது நீங்கள்தான்.

விளையாட்டைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். "அடிபட்டுவிடும், நீ ஓரமாக உட்கார்" என்று அக்கறையோடுதான் சொல்கிறார்கள். பல ஆண்டுகள் அப்படி உட்கார்ந்தவருக்குத்தான் அது எப்படி இருக்கும் என்று தெரியும். 30ஆம் பிரிவு, மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளுக்குச் சமமாக விளையாட்டிலும் உடற்பயிற்சியிலும் பங்கெடுக்க வேண்டும் என்கிறது. பள்ளி வேளையில் நடப்பதும் அதில் சேரும் என்று எடுத்தும் சொல்கிறது. நீச்சலை ஒற்றைக் கை வீச்சுக்கு ஏற்ப மாற்றலாம். பந்து வீசும் தூரத்தைக் கைக்கேற்ப வைக்கலாம். தலைகீழாக நிற்கும் பயிற்சிக்குப் பதிலாகக் கால்களுக்கான பயிற்சி கொடுத்து, அதற்கும் மதிப்பெண் போடலாம். எந்த அசைவு பாதுகாப்பானது என்று பிசியோதெரபி நிபுணரிடம் ஒரு பக்கக் குறிப்பு வாங்கிக் கொடுத்தால் ஆசிரியரின் பயமும் தீரும்.

எப்படிக் கேட்பது? வாய்ச்சொல் காற்றோடு போகும், எழுத்தில் கேளுங்கள். நோயின் பெயரை விளக்கிப் பத்திகள் நிரப்ப வேண்டாம். எங்கே தடை, என்ன மாற்றம், எப்போதிலிருந்து, அவ்வளவுதான். "எழுதத் தொடங்கி இருபது நிமிடத்தில் என் தோள் வலிக்கிறது, எழுத்து கோணுகிறது. வரும் பருவத் தேர்விலிருந்து நான் தட்டச்சு செய்ய அனுமதி வேண்டும். அல்லது ஒவ்வொரு அரை மணிக்கும் ஐந்து நிமிடம் கையை ஓய்வில் வைக்க வேண்டும்; அந்த ஐந்து நிமிடம் தேர்வு நேரத்தில் கழிக்கப்படக் கூடாது." இப்படி. தேதி போட்டு, ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். பொதுத்தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் முன்கூட்டியே இருக்கும் என்பதால் ஆண்டின் தொடக்கத்திலேயே கேட்டுவிடுவது நல்லது. தட்டச்சு கிடைத்தால் தேர்வு நாளில்தான் முதன்முறை தொடுவேன் என்று இருக்காதீர்கள். வகுப்பிலும் அப்படியே பழகுங்கள். தனியார் பள்ளி என்றாலும் தயங்க வேண்டாம். தனியார் அமைப்புகள் காட்டும் பாகுபாட்டையும் ஒழிக்க வேண்டியது அரசின் கடமை என்று 4ஆம் பிரிவு சொல்கிறது.

அந்தக் கடிதத்தைப் பிள்ளையே எழுதட்டும். பெற்றோரே, உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. பிரசவ அறையிலிருந்தே இந்தக் கைக்காக ஓடியவர்கள் நீங்கள். ஆனால் எந்த உதவி பிடிக்கும், எது நண்பர்கள் முன்னால் கூனிக்குறுக வைக்கும் என்பது பிள்ளைக்குத்தான் தெரியும். உடன்படிக்கையின் 7ஆம் பிரிவும், 1989இல் வந்த குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவும், தன்னைப் பாதிக்கும் எதிலும் கருத்துச் சொல்லும் உரிமையைப் பிள்ளைக்குத் தருகின்றன. வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அந்தக் கருத்துக்கு எடை கொடுக்க வேண்டும். வகுப்பில் எல்லோருக்கும் இந்தக் கையைப் பற்றிச் சொல்லலாமா என்பதும் அப்படியே. உடல்நலத் தகவலின் அந்தரங்கத்தை 22ஆம் பிரிவு காக்கிறது. ஆசிரியர் அறிந்தது வகுப்புக்குத் தெரிய வேண்டிய கட்டாயமில்லை.

மருத்துவமனையில் இந்த உரிமை இன்னும் கனமானது. தசைநாண்களை இடம் மாற்றி வைப்பது, மேல்கை எலும்பை வெட்டித் திருப்பி வைப்பது போன்ற அறுவை சிகிச்சைகள் பதின்ம வயதில் பேசப்படுவதுண்டு. எலும்பைத் திருப்பினால் கை வெளிப்பக்கம் நன்றாகத் திரும்பும். அதே நேரம் வயிற்றையும் முதுகையும் தொடுவது முன்பைவிடக் கடினமாகலாம். எது முக்கியம் என்று சொல்லக்கூடியவர் அந்தக் கையோடு வாழ்பவர் ஒருவரே. "இதனால் எனக்கு எது கிடைக்கும், எது போகும், செய்யாவிட்டால் என்ன ஆகும்?" என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். முழு விவரம் அறிந்து, சுயவிருப்பத்தோடு தரும் சம்மதத்தின் பேரிலேயே சிகிச்சை என்பது 25ஆம் பிரிவு.

"சின்ன வயசிலேயே பிசியோதெரபி முடிஞ்சாச்சே" என்று திருப்பி அனுப்பப்படுபவர்களும் உண்டு. அதே பிரிவு, குறைபாடு மேலும் கூடாமல் தடுக்கும் சேவையைப் பிள்ளைகளுக்கும் தரச் சொல்கிறது. வளரும் வயதில் தோள் இறுகுவது அப்படித் தடுக்க வேண்டிய ஒன்று. அசைவு குறைந்தாலோ புதிதாக வலி வந்தாலோ மீண்டும் பரிசோதனை கேட்பது முற்றிலும் நியாயம். 26ஆம் பிரிவில் மறுவாழ்வுச் சேவைகளோடு, ஒத்த அனுபவம் உள்ளவர்கள் ஒருவருக்கொருவர் தரும் துணையும் சொல்லப்பட்டிருக்கிறது. தன்னைப் போன்ற கையுள்ள இன்னொருவரை முதன்முதலாகப் பார்ப்பது எந்தப் பயிற்சியும் தராத ஒன்றைத் தரும்.

கேட்டும் மறுத்தால், மறுப்பையும் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். பிறகு பள்ளியின் மேலதிகாரிகள், கல்வித் துறை, உங்கள் நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கோ மனித உரிமைக்கோ இருக்கும் ஆணையம், நீதிமன்றம் என்று படிப்படியாகப் போகலாம். உடன்படிக்கை நிறைவேறுவதைச் சுயேச்சையாகக் கண்காணிக்க ஓர் ஏற்பாடு வேண்டும் என்று 33ஆம் பிரிவு ஒவ்வொரு நாட்டையும் கட்டுப்படுத்துகிறது. உடன்படிக்கையோடு இணைந்த கூடுதல் நெறிமுறை என்ற தனி ஒப்பந்தத்துக்கும் உங்கள் நாடு ஒப்புதல் தந்திருந்தால், உள்நாட்டு வழிகள் எல்லாம் தீர்ந்த பிறகு ஐ.நா. குழுவிடமே முறையிட முடியும். அது நீண்ட பாதை; பெரும்பாலும் முதல் கடிதத்திலோ இரண்டாம் கடிதத்திலோ பேச்சு தொடங்கிவிடும்.

குழந்தைகள் உரிமை உடன்படிக்கை பொதுவாகப் 18 வயதோடு நின்றுவிடும். மாற்றுத்திறனாளிகள் உடன்படிக்கைக்கு வயது வரம்பு கிடையாது. கல்லூரியிலும் வேலையிடத்திலும் அதே நியாயமான வசதியைக் கேட்கலாம், வேலைக்கு 27ஆம் பிரிவு. ஆனால் குழந்தைகள் மருத்துவப் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாறும்போது பழைய தாள்கள் தொலைந்துபோவது வழக்கம். பிறந்த விவரக் குறிப்பு, அறுவை சிகிச்சைக் குறிப்புகள், ஸ்கேன் படங்கள், பள்ளி கொடுத்த வசதிகளின் கடிதங்கள் எல்லாவற்றின் நகலையும் 18 ஆவதற்கு முன்பே கேட்டு வாங்கி, உங்கள் பெயரில் ஒரு கோப்பில் வைத்துவிடுங்கள்.